இரண்டு மணி பத்து நிமிடம்

மினோரிக்குத் தபால் வேலை.
சிவப்பு ஸ்கூட்டர் ஏறாத மேட்டு வீடுகளுக்குப்
படியேறித்தான் போகவேண்டும்.
நூற்றுப் பதினெட்டுப் படி.

முதல் முறை, பதினோராவது வீட்டு வாசலில்
உள்ளங்கை அரித்தது.
பிறகு காதுமடல், பிறகு முழங்கால் மடிப்பு,
தோலுக்கடியில் யாரோ ரவை வறுப்பதுபோல.
உதடு தடித்தது.
குரல் பாதி வழியில் அடைத்துக்கொண்டது.
மின்கட்டண ரசீதைப் பிடித்தபடி
பூந்தொட்டியருகே உட்கார்ந்தாள்.
படுத்தாள்.
நிஷிமோரி கதவைத் திறந்தபோது
வானம் ஜிகினாத் தாள் மாதிரி
கசங்கிக்கொண்டிருந்தது.

இறால் என்றார்கள். இறாலை நிறுத்தினாள்.
குளவி என்றார்கள். கொட்டிய தடமே இல்லை.
சலவைத்தூள், பூனை, மகரந்தம், மன அழுத்தம்.
மாமியார் மட்டும்
ஸ்கூட்டரின் புதுப் பெயின்ட் என்று சாதித்தாள்.
எட்டு மாதம் ஒன்றுமில்லை.
உடோன் தின்றாள், தூங்கினாள், ஒன்றுமில்லை.
வெறும் வயிற்றோடு படியேறினாள், ஒன்றுமில்லை.
ஒரு மழை நாள், தின்ற கையோடு ஓடினாள்.
மறுபடி ஆம்புலன்ஸ்.

கோச்சி மருத்துவமனையில்
கையில் ஊசிக்குழாய் செருகி
காலை பத்துக்கு ஒரு கிண்ணம் உடோன் கொடுத்தார்கள்.
"மிச்சம் வைக்காதீங்க" என்றார் டாக்டர் ஒகபயாஷி,
பந்தியில் பரிமாறுகிறவர் தொனியில்.
அரை மணி கழித்து
ஓடும் பட்டையில் ஏற்றினார்கள்.
நான்கு பேர் சூழ நின்று
அவளுக்கு உடம்பு கெடக் காத்திருந்தார்கள்.
பதினாறாவது நிமிடம் கழுத்தில் முதல் தடிப்பு.
இளம் நர்ஸ் கைதட்டப் போய்
பாதியில் நிறுத்திக்கொண்டாள்.
மினோரிக்கும் சந்தோஷம்தான்,
மூச்சு இழுக்கத் தொடங்கும்வரை.

கோதுமை தனியே சாது.
ஓட்டம் தனியே சாது.
ஒரே உடம்பில் இரண்டும் சந்தித்தால்
ஒன்று கத்தி எடுக்கிறது.
எது என்று ரத்தம் காட்டிக்கொடுக்காது.

உண்ட களைப்பு தொண்டனுக்கும் உண்டு என்று
நாம் சிரிப்போம்.
அவளுக்கு அது சட்டம்.
கோதுமை உண்டால் நான்கு மணி நேரம்
பஸ்ஸைத் துரத்தக் கூடாது.
மகள் ரின்கோ எறியும் பந்தின் பின்னால் போகக் கூடாது.
சண்டையில் கதவை அறைந்துவிட்டு
விருட்டென்று இறங்கிப் போகவும் கூடாது;
கோபத்தை மெதுவாக நடத்திச் செல்லவேண்டும்,
செருப்பை நிதானமாக மாட்டிக்கொண்டு.

செப்டம்பரில் சுனாமி ஒத்திகை.
கடல் எழுந்தால்
கோபுரம் ஏறப் பதினெட்டு நிமிடம் என்று
ஊர்ச் சுவர்களில் எழுதியிருக்கும்.
தெரிந்தேதான்
அன்று காலை எட்டு ஐந்துக்கு
இரண்டு ரொட்டித் துண்டு தின்றாள்.
"இன்னைக்கு எதுக்கும்மா?" என்றாள் ரின்கோ.
அவள் இன்னும் கொஞ்சம் ஜாம் தடவினாள்.
கடல் என்ன,
சாப்பிட்டாச்சா என்று கேட்டுவிட்டா வரும்?

பத்தேகாலுக்குச் சைரன்.
இரண்டு மணி பத்து நிமிடம்.
ஊர் ஓடியது.
மீன் மார்க்கெட் ஆட்கள் ரப்பர் பூட்ஸோடு ஓடினார்கள்.
சக்கர நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள்.
மினோரி நடந்தாள்,
பையில் ஊசி,
ஒரு கை கழுத்தில்.
முன்னால் ஓடிப்போன ரின்கோ திரும்பி வந்தாள்.
"போ" என்றாள். போகவில்லை.
"நிஜமா வந்தா?"
"நிஜமா வந்தா நீ நிக்கக் கூடாது."
"நீ?"
வளைவில் ஒரு வேலி முழுக்க வலை காய்ந்தது.
இருவரும் அதைப் பார்த்துக்கொண்டே கடந்தார்கள்.

கோபுர உச்சியில் நகராட்சி ஆள்
நோட்டில் கடைசி வரியை நிரப்பினான்:
இருபத்தொரு நிமிடம்.
மன்னிப்புக் கேட்பதுபோல் தலை குனிந்து
அவசரகால பிஸ்கட் பொட்டலம் ஒன்றை நீட்டினான்.
அவள் பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள்.
முதல் சொல்லே கோதுமை.

கீழே கடல்
தன் இடத்திலேயே இருந்தது.
ரின்கோ பொட்டலத்தைப் பிரித்துத் தின்னத் தொடங்கினாள்,
எல்லாவற்றையும்,
வேகமாக.